பூமி மெதுவாகச் சுற்றினால் நெல் விளையுமா?

கேள்வி: வெள்ளி ரொம்ப மெதுவாகச் சுற்றுவதால்தான் அதற்குக் காந்தப்புலம் இல்லையாம், உயிரும் இல்லையாம். பிளஸ் டூ படிக்கும் என் மகள் சொல்கிறாள். பூமியும் வேகம் குறைகிறதாமே, நம் காந்தப்புலமும் போய்விடுமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: முதலில் பயம் வேண்டாம். நிலாவின் இழுப்பால் நம் நாளின் நீளம் நூறு ஆண்டுக்கு ஏறக்குறைய 2 மில்லி செகண்டுதான் கூடுகிறது.

காந்தப்புலத்துக்குச் சுழற்சி தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது. சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கும் பூமியின் வெளிக்கருவில் உருகிய இரும்பு இருக்கிறது, உள்ளே இருக்கும் சூடு வெளியேறுகிற வழியில் அது ஓயாமல் மேலும் கீழும் புரள்கிறது, மின்சாரம் கடத்தும் அந்த ஓட்டத்தைத் திருகிவிடுவதுதான் சுழற்சியின் வேலை. 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறி உங்கள் பகுதித் தென்னைகளைச் சாய்த்ததே கஜா புயல், அதைச் சுழல வைத்த அதே கொரியாலிஸ் விசைதான் (பூமி சுற்றுவதால், நகர்வதைப் பக்கவாட்டில் திருப்பும் விசை) அங்கேயும். திருகல் இருந்தால்தான் சிதறிய ஓட்டங்கள் ஒழுங்குக்கு வந்து, வடமுனை தென்முனை உள்ள ஒரே பெரிய காந்தப்புலம் கிடைக்கும். புரள்வதே நின்றுவிட்டால்? திருக எதுவும் இருக்காது.

செவ்வாய் அப்படித்தான். 24 மணி 37 நிமிடத்தில் சுற்றுகிறது, நம்மைப் போலத்தான், ஆனாலும் அதன் காந்தப்புலம் சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அடங்கிவிட்டது. பழைய பாறைகளில் தடம் மட்டும் மிச்சம். புதனோ ஒரு சுற்றுக்கு 59 நாள் எடுத்துக்கொள்கிறது, அதற்குக் காந்தப்புலம் இருக்கிறது! நம்முடையதில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான், ஆனால் இருக்கிறது. 243 நாளுக்கு ஒரு முறை சுற்றும் வெள்ளிக்குக் காந்தப்புலம் இல்லாததற்கும், உள்ளே இருக்கும் சூடு போதிய வேகத்தில் வெளியேறாததே முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். காந்தப்புலம் இல்லாவிட்டால் காற்று மண்டலம் உடனே பறந்துவிடும் என்பதும் சரியில்லை. வெள்ளியின் காற்றழுத்தம் நம்முடையதைப் போல 90 மடங்குக்கு மேல்.

சுழற்சி உயிரைத் தொடும் இன்னொரு வழி பகலின் நீளம். இதைப் பாடத்தில் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை என்பது என் வருத்தம். வெள்ளியில் ஒரு சூரிய உதயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 117 பூமி நாட்கள், அதாவது பகல் மட்டும் 58 நாளுக்கு மேல். கதிர் வெளிவந்த நெல் வயலில் காலை பத்து மணி வாக்கில் இறங்கிப் பாருங்கள், உமி பிளந்து மகரந்தப்பை வெளியே தொங்கும், ஒவ்வொரு பூவும் ஒரு மணி நேரம் போலத்தான் திறந்திருக்கும். அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு மணி பதராகிவிடும். பழைய சம்பா ரகங்கள் பலவும் பகல் குறுகுவதைக் கணக்கு வைத்துத்தான் பூக்கின்றன. 58 நாள் விடாத வெயிலில் காந்தப்புலம் எவ்வளவு பலமாக இருந்தாலும் அந்தப் பயிர் தேறாது.