மதுரையில் வீட்டு முன்புறப் புல்தரை திட்டுத்திட்டாகக் காய்கிறது, எப்படிச் சரிசெய்வது?

தினமும் தண்ணீர் விட்டும் புல் தேறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். புல்லை விடுங்கள், முதலில் மண்ணைப் பாருங்கள். தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து நீளமான ஸ்க்ரூடிரைவரைக் குத்துங்கள். இரண்டு அங்குலத்தில் நின்றுவிட்டால் மண் இறுகியிருக்கிறது, வேர் இறங்க இடமில்லை. எங்கள் வீட்டில் கடப்பாரை போட்டபோது செங்கல் துண்டும் காய்ந்த சிமெண்டுக் கட்டியும்தான் வந்தன. கட்டடம் கட்டியபோது கொட்டி மூடியவை. முக்கால் அடி கொத்தி, அதையெல்லாம் பொறுக்கிவிட்டு மக்கிய தொழுவுரம் கலந்தோம்.

கோரைதான் பெரிய தொல்லை. பிடுங்கினால் தாள் கையோடு வரும், கறுப்புக் கிழங்கு உள்ளேயே தங்கி மறுபடி முளைக்கும். கொத்திய மண்ணை நனைத்து, முளைக்கவிட்டு, கிழங்கோடு தோண்டி எடுங்கள். இரண்டு மூன்று முறையாவது செய்ய வேண்டும், அவசரப்படாதீர்கள்.

அப்புறம் அருகம்புல். நம் வெயிலைத் தாங்கும், போர் தண்ணீரின் உப்பையும் ஓரளவு பொறுக்கும். கணுவுள்ள துண்டுகளைப் புரட்டாசியில் அரை அடிக்கு ஒன்றாக நடுங்கள், ஐப்பசி மழையில் பிடித்துக்கொள்ளும். மர நிழலில் மட்டும் இது வராது. வேர் பிடித்தபின் தினமும் தெளிக்காமல், மண் காய்ந்ததும் ஆழமாக நனைய விடுங்கள்.