வண்டியே வீடு: எவ்வளவு ஏற்றிக்கொள்வது?

நானும் கணவரும் வீட்டைக் காலி செய்துவிட்டு வேனில் குடியேறி ஏழு வருடம் ஆகிறது. புதிதாகக் கிளம்புகிறவர்கள் சாமான் கணக்கு பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

அக்கா, அடுத்த மாதம் கிளம்புகிறோம். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மொத்தமாக ஏற்றிக்கொண்டால் நிம்மதிதானே?

மாதக் கணக்கு வீட்டுக்குச் சரி. வண்டியில் கேட்க வேண்டியது வேறு: இந்தப் பொருளை அடுத்து எங்கே நிரப்ப முடியும், அங்கே போய்ச் சேர எத்தனை நாள்? உங்கள் வழியில் இருக்கும் மிக நீண்ட இடைவெளி நான்கு நாள் என்றால், நான்கு நாளுக்கானதை எடுங்கள். வண்டி எங்காவது நின்றுபோனால் தாக்குப்பிடிக்க இன்னும் இரண்டு நாளுக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். போதும்.

இந்த இடைவெளி பொருளுக்குப் பொருள் மாறும். தண்ணீர் மூன்று நாளுக்கு ஒரு முறை கிடைக்கலாம். கேஸ் மாற்ற மூன்று வாரம் ஆகலாம். தினமும் போடும் மாத்திரையை வாங்க மூன்று மாதம்கூட ஆகலாம். எல்லாவற்றுக்கும் "ஒரு மாதம்" என்று ஒரே அளவு வைத்தால், எங்கும் கிடைப்பது வண்டியை அடைத்துக்கொள்ளும், கிடைக்காதது பாதி வழியில் தீர்ந்துவிடும்.

இரண்டு பேருக்குத் தண்ணீர் எத்தனை லிட்டர் வேண்டும்?

குடிக்க மட்டும் ஒருவருக்கு நாளுக்கு 2 முதல் 3 லிட்டர். வெயிலில் உழைத்தால் அதற்கும் மேல். சமையல், பாத்திரம், முகம் கைகால் கழுவுவது எல்லாம் சேர்ந்தால், சிக்கனமாக இருப்பவருக்கே 8, 10 லிட்டர் வந்துவிடும். ஆனால் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், நீங்களே அளந்து பாருங்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே மட்டம் தெரிகிற 20 லிட்டர் கேன் ஒன்றை எடுங்கள். மேலிருந்து கீழ்வரை மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றி ஊற்றி, ஒவ்வொரு லிட்டருக்கும் பேனாவால் கோடு போடுங்கள். இரவு படுக்கும் முன் மட்டம் நிற்கிற இடத்தில் தேதியைக் குறியுங்கள். கேன் தீர்ந்து மறுபடி நிரப்பினால் அதையும் எழுதிவிடுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் வீட்டுப் பழக்கம் அந்த டேப்பில் தெரிந்துவிடும்.

எங்களுக்கு நாளுக்கு 24 லிட்டர் போனது. குடித்ததும் சமைத்ததும் சேர்ந்ததைவிடப் பாத்திரம் கழுவியதுதான் அதிகம். அப்புறம் தட்டை முதலில் ஒரு ரப்பர் துண்டால் வழித்துவிட்டு, ஸ்ப்ரே பாட்டிலால் நனைத்துத் துடைக்கப் பழகினோம். 15 லிட்டருக்கு இறங்கியது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நான்கு நாளுக்கு 36 கிலோ சுமை குறைந்தது.

இன்னொன்று, எல்லாத் தண்ணீரையும் ஒரே டேங்கில் வைக்காதீர்கள். டேங்க் கசிந்தாலும், எங்கோ பிடித்த கெட்ட தண்ணீர் கலந்தாலும் மொத்தமும் போய்விடும். 10 லிட்டர் குடிநீரைத் தனிக் கேனில் வைத்து, அவசரம் என்றால் மட்டும் திறங்கள்.

சந்தேகமான தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதுமா? அதற்கே கேஸ் தீர்ந்துவிடாதா?

கிருமிக்குப் போதும். நன்றாகக் கொப்பளிக்க ஆரம்பித்ததிலிருந்து 1 நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலான மலைப்பகுதியில் 3 நிமிடம். உப்பும் ரசாயனமும் கொதியில் போகாது.

மூடி போட்டு, காற்று அடிக்காமல் பார்த்துக்கொண்டால் ஒரு லிட்டர் கொதிக்கச் சுமார் 15 கிராம் கேஸ் ஆகும். மிச்சம் எவ்வளவு என்று சிலிண்டரை ஆட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. தூக்குத் தராசில் மாட்டி, அதன்மேல் பொறித்திருக்கும் வெற்று எடையைக் கழியுங்கள். நாளுக்கு 80 கிராம் செலவாகிறவருக்கு 2 கிலோ கேஸ் 25 நாள் வரும்.

குளிர் இடங்களுக்குப் போகிறவர்கள் கவனியுங்கள்: சிலிண்டரில் வரும் கேஸ் இரண்டு வகை, பியூட்டேனும் புரொப்பேனும். பியூட்டேன் 0 டிகிரியை நெருங்கும்போதே சரியாக ஆவியாகாது, அடுப்பு எரியாது. புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். இரண்டுமே காற்றைவிடக் கனம் என்பதால், கசிந்தால் தரையோடு தேங்கும். காற்றுப்போக்கி கீழேதான் இருக்க வேண்டும்.

வண்டியில் இடம் நிறைய இருக்கிறது. பிறகு ஏன் எடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்?

இடம் இருப்பதுதான் ஆபத்து தம்பி. அனுமதிக்கப்பட்ட மொத்த எடைக்குள் தண்ணீர், எரிபொருள், நீங்கள் இருவர், கட்டில், அலமாரி எல்லாம் அடக்கம். எல்லாம் நிரப்பி, நீங்களும் உட்கார்ந்துகொண்டு எடை மேடையில் ஏற்றுங்கள். முன் ஆக்சில், பின் ஆக்சில் (சக்கர அச்சுகள்) இரண்டிலும் விழும் எடையைத் தனித்தனியாகப் பாருங்கள். எங்களுக்கு மொத்த எடை அளவுக்குள்தான் இருந்தது. பின் ஆக்சிலில் மட்டும் 110 கிலோ அதிகம். அதிகச் சுமையில் டயர் சூடேறி வெடிக்கும், பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் கூடும். நாங்கள் தண்ணீர் கேன்களையும் கருவிப் பெட்டியையும் இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில், தரையோடு மாற்றி வைத்தோம். கூரைமேல் கனமான எதையும் வைப்பதில்லை.

அம்மாவும் வருகிறார். இன்சுலின் எவ்வளவு எடுப்பது?

இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். இடைவெளிக்கு வேண்டியதைப் போல இரண்டு மடங்கு எடுத்து, இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். இன்னும் திறக்காத மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். பயன்படுத்திக்கொண்டிருப்பது பெரும்பாலும் 28 நாள் வரை வெளியே தாங்கும். வகைக்கு வகை மாறும், பெட்டியில் போட்டிருக்கும் நாளையும் வெப்ப அளவையும் பாருங்கள். நிறுத்திய வண்டிக்குள் வெயிலில் விட்டுவிடாதீர்கள். சின்ன ஃபிரிட்ஜில் குளிர்த்தகட்டை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். உறைந்தது உருகினாலும் பயன்படுத்தக் கூடாது. மருத்துவர் சீட்டின் நகல் அம்மாவின் கைப்பையிலும் ஒன்று இருக்கட்டும்.

துணி?

ஏழு நாளுக்கு. துவைக்கிற இடைவெளி அதைவிட நீளாது.

ஆறு மாதமாக ஓடுகிறோம். பாதிச் சாமானைத் தொடவே இல்லை. எதை இறக்குவது?

ஒவ்வொரு பொருளிலும் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள், எடுத்துப் பயன்படுத்தும்போது கிழித்துவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து டேப்போடு இருப்பதை இறக்கிவிடலாம். முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், ஸ்டெப்னி, ஜாக்கி, மழைக்கோட்டு, மாற்று ஃபேன் பெல்ட் இவற்றுக்கு மட்டும் டேப் ஒட்டாதீர்கள். தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்கிறதா, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.