ஒரு முழத் தூரம்

அன்புள்ள அக்கா,

உங்கள் தளத்தை மூன்று வருடமாக வாசிக்கிறேன். ஆலங்குளம் பக்கம் என் ஊர். அப்பாவைப் பெற்ற ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒப்பாரியும் தாலாட்டும் முழுசாகப் பாடத் தெரிந்தவர் எங்கள் தெருவில் இப்போது அவர் ஒருவர்தான். எல்லாவற்றையும் வீடியோவாக எடுத்து வைக்க ஆசை. வீடியோ எடுக்க இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். கையில் 60,000 ரூபாய் இருக்கிறது.

எந்தக் கேமரா வாங்கலாம்? 4கே அவசியமா, நொடிக்கு 24 பிரேமா 60 பிரேமா? நிறம் வெளிறிப் பதிகிற லாக் முறையில் எடுத்துப் பிறகு கலர் செய்வதுதான் சரி என்கிறார்களே? பின்னணி மங்கலாகத் தெரிய 50 எம்எம் 1.8 லென்ஸ் போதுமா? நடந்துகொண்டே எடுத்தாலும் படம் ஆடாமல் பிடிக்கிற கிம்பல் வேண்டுமா? ட்யூப்லைட் வெளிச்சத்தில் போனில் எடுத்தால் கறுப்புப் பட்டை ஓடுகிறது, அதற்கு என்ன செய்வது?

போனில் ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். படம் பரவாயில்லை. ஆச்சி குரல்தான் கெணத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரி இருக்கு.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

இத்தனை கேள்வி கேட்டிருக்கிறீர்கள், எல்லாம் படத்தைப் பற்றி. ஆச்சியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்பதை மட்டும் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். தம்பி, நீங்கள் எடுக்கப்போவது பாட்டு. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில்.

சில நாட்களாக இணையத்தில் ஒப்பாரி வீடியோக்களாகத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயலுக்கு மேலே ட்ரோன் பறக்கிறது. சுருக்கம் விழுந்த கையை அண்மைக் காட்சியில் காட்டுகிறார்கள். கண்ணோரத்து நீர் வைரம்போல மின்னுகிறது. பாடுகிறவரின் குரல் மட்டும் பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறது. அது கேட்கவில்லை என்று எடுத்தவருக்கே தெரிந்திருக்கிறது, அதனால் அடியில் ஒரு புல்லாங்குழலைப் போட்டு நிரப்பியிருக்கிறார். செத்தவருக்காக அழுகிற பாட்டுக்குப் பின்னணி இசை! நீங்கள் அதைச் செய்தால் இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

உங்கள் மற்றக் கேள்விகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கேமரா வாங்க வேண்டாம், கையில் இருக்கும் போன் போதும். 4கே தேவையில்லை, 1080 போதும். கிம்பல் எதற்கு, ஆச்சி எங்கே ஓடப்போகிறார்? ஆடாத ஒரு முக்காலி வாங்குங்கள். ஆச்சி தரையில் காலை நீட்டி உட்கார்ந்தால் கேமராவும் அவர் கண் மட்டத்துக்கு இறங்க வேண்டும். அவ்வளவு தாழ்கிற முக்காலியா என்று கடையிலேயே விரித்துப் பாருங்கள். லாக் வேண்டவே வேண்டாம். சாதாரணமாகப் போன் பதிகிற 8 பிட் வீடியோவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான் உண்டு. லாக்கில் நசுக்கி எடுத்ததைப் பிறகு இழுத்து விரித்தால் வானம் பட்டை பட்டையாகப் பிரியும்.

கறுப்புப் பட்டைக்குக் காரணம் நம் மின்சாரம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய சோக் வைத்த ட்யூப்லைட்டும் மட்டமான எல்இடியும் நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் நிறுத்தினால் பட்டை போய்விடும். பல போன்களின் சொந்தக் கேமரா ஆப் வீடியோவில் ஷட்டரைத் தொடவிடாது, கையால் அமைக்க விடுகிற ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் 25 பிரேம் இருந்தால் 25, இல்லாவிட்டால் 30. 60 வேண்டாம்.

50 எம்எம் லென்ஸைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை. ஏபிஎஸ்-சி எனும் நடுத்தர அளவு சென்சார் வைத்த கேமராவில் அதன் துளையை 1.8 இல் திறந்து வைத்து 2 மீட்டரில் உட்கார்ந்திருப்பவரை எடுத்தால், தெளிவாக விழுகிற ஆழம் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். ஒப்பாரி பாடுகிறவர் முன்னும் பின்னும் ஆடுகிற ஆட்டம் அதைவிடப் பெரிது. அடிக்கொருதரம் முகம் மங்கும், காது தெளியும். போகட்டும், பின்னணியை ஏன் மங்கலாக்க வேண்டும்? அது அவர் வீட்டுத் திண்ணை, அவர் களம். அதுவும் தெரியட்டும். கைகளும் படச் சட்டத்துக்குள் இருக்கட்டும், ஒப்பாரியில் பாதி கைதான்.

இனி கிணறு.

குரல் மைக்குக்கு இரண்டு வழியாக வருகிறது. ஒன்று வாயிலிருந்து நேராக வருவது. மற்றது சுவரிலும் தரையிலும் கூரையிலும் பட்டுத் திரும்பிச் சற்றுப் பிந்தி வருவது. நேராக வருவது தூரத்தோடு மெலிகிறது. திரும்பி வருவதோ அறை முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிறைந்திருக்கிறது. மைக்கைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் திரும்பி வருவது நேராக வருவதை முந்திவிடும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பூச்சுச் சுவர், டைல்ஸ் தரை என்றால் அந்த எல்லை வாயிலிருந்து அரை மீட்டருக்குள்ளேயே வந்துவிடும். உங்கள் போன் எங்கே இருந்தது? ஆச்சி முழுதாகத் தெரிய வேண்டுமென்று அறையின் மறு கோடியில் வைத்திருப்பீர்கள். ஆச்சி கிணற்றுக்குள் இல்லை, உங்கள் மைக்தான் கிணற்றுக்குள் இருந்தது.

முழக்கணக்கில் சொல்கிறேன். மைக் வாயிலிருந்து ஒரு முழத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் நேராக வரும் குரல் 6 டெசிபெல் இறங்கும். இரண்டு முழத்தில் 6, நான்கு முழத்தில் 12, எட்டு முழத்தில் 18. எட்டு முழம் என்பது மூன்றரை மீட்டர். கேமரா வழக்கமாக நிற்கிற இடம். மின்விசிறியின் இரைச்சலும் தெருச் சத்தமும் இதில் இம்மியும் இறங்குவதில்லை. பிறகு கம்ப்யூட்டரில் குரலை 18 டெசிபெல் தூக்கினால் விசிறியும் சேர்ந்து 18 ஏறும். இரைச்சலை நீக்குகிற மென்பொருள் இருக்கிறதே என்பீர்கள். விசிறியை அரிக்கும்போது அது பாட்டின் மூச்சையும் சேர்த்து அரித்துவிடும். ஒப்பாரியில் வரி முடிந்து வருகிற அந்த விம்மலை இரைச்சல் என்றுதான் மென்பொருள் நினைக்கும். அது இல்லாமல் ஒப்பாரி ஏது?

ஆகவே கேமராவின் தலையில் மாட்டுகிற மைக்கை வாங்காதீர்கள். எவ்வளவு விலை கொடுத்தாலும் அது எட்டு முழத்தில்தான் இருக்கும். 1902 இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் இசைத்தட்டுக்குப் பாடியபோது மைக்கே கிடையாது, ஒரு கூம்பின் வாய்க்கு நேராக முகத்தை வைத்துப் பாட வேண்டும். பக்கத்தில் போனால்தான் குரல் தட்டில் விழும் என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது. மைக் வந்தது, சிறுத்தது, கேமராவுக்குள்ளேயே புகுந்தது. நமக்குத் தூரம் மறந்துவிட்டது.

காலர் மைக் போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். பேட்டிக்குப் போதும். தாலாட்டுக்கும் சரி, நூல் சேலையாக இருந்தால். பட்டு உரசும், கழுத்துச் சங்கிலி மைக்கில் தட்டிக்கொண்டே இருக்கும். ஒப்பாரிக்குக் கூடவே கூடாது. ஆச்சி மாரடித்துப் பாடுகிறவரா என்று நீங்கள் எழுதவில்லை. அடிப்பவர் என்றால் முதல் அடியே மைக்கின் மேல்தான் விழும்.

நீங்கள் வாங்க வேண்டியது ஒரு கையடக்க ரெக்கார்டர். மைக் அதன் தலையிலேயே இருக்கும். ஜூம், டாஸ்காம் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. 32 பிட் ஃப்ளோட்டில் பதிகிறதாகப் பாருங்கள். ஒப்பாரி முணுமுணுப்பில் தொடங்கும், எந்த வரியில் ஓலமாக எழும் என்று பாடுகிறவருக்கே தெரியாது. சாதாரணப் பதிவில் முணுமுணுப்புக்கு ஏற்றபடி அளவை வைத்தால் ஓலம் உடையும், உடைந்ததை ஒட்ட முடியாது. 32 பிட் ஃப்ளோட்டில் பிறகு இறக்கிக்கொள்ளலாம். அந்த வசதி இல்லாத கருவி என்றால் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், சுருக்காத வேவ் கோப்பு என்று வைத்து, சாதாரணமாகப் பாடும்போது ஒலி அளவு காட்டும் முள் மைனஸ் 20 டெசிபெல் பக்கம் நிற்கும்படி அளவைத் தாழ்த்துங்கள். ஓலத்துக்கு இடம் இருக்கும். எதுவானாலும் தானாக அளவைக் கூட்டிக் குறைக்கிற ஆட்டோவை அணையுங்கள். ஆச்சி மூச்சிழுக்கிற இடைவெளியில் அது தெரு நாயை மேலே தூக்கும், அடுத்த வரியின் எடுப்பை மண்டையில் அடித்து அமுக்கும். இன்னொன்று, எந்த பிட்டும் தூரத்தைச் சரி செய்யாது. எட்டு முழத்தில் வைத்த 32 பிட்டும் கிணறுதான்.

ரெக்கார்டரைச் சின்ன முக்காலியில் பொருத்தி, ஆச்சிக்கு முன்னால் சற்றுப் பக்கவாட்டில், வாயிலிருந்து ஒரு முழத்தில், மோவாய்க்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். சட்டத்தின் ஓரத்தில் அது தெரிந்தால் தெரியட்டும். ஆடும்போது கை படாத பக்கமா என்று பாருங்கள். முக்காலியின் அடியில் மடித்த துண்டு ஒன்றைப் போடுங்கள், இல்லாவிட்டால் தரையில் விழுகிற ஒவ்வொரு தட்டும் கால் வழியாக ஏறும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுகிற வசதி இருந்தால் போடலாம். அதற்கு மேல் போகாதீர்கள், மாரடிக்கிற அதிர்வும் பாட்டில் சேர்ந்தது. காதை மூடுகிற ஹெட்போன் ஒன்று கட்டாயம். பதிகிற நேரம் முழுக்க அது உங்கள் காதில் இருக்க வேண்டும். கண்ணால் பார்த்துக் குரல் பதிகிறது என்று நம்புவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. ரெக்கார்டர், ஹெட்போன், முக்காலி எல்லாம் சேர்த்தும் உங்கள் பணத்தில் பாதிகூட ஆகாது.

இடத்துக்கு வருவோம். ஒப்பாரியை வீட்டுக்குள் பாடச் சொல்லாதீர்கள். சாவு விழாத வீட்டில் அதைப் பாட ஆச்சி சம்மதிக்கவும் மாட்டார். அப்படி ஒப்புக்கொண்டாரென்றால் பேரன் முகத்துக்காக ஒப்புக்கொண்டிருப்பார், மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கும், குரலிலும் அது தெரியும். களத்துக்கோ தோப்புக்கோ கூட்டிப் போங்கள். அங்கே சுவர் இல்லை, ஆகவே எதிரொலி இல்லை. ஸ்டூடியோ கட்டுகிறவர்கள் பணத்தைக் கொட்டி வாங்குகிற அமைதி அந்த மரத்தடியில் சும்மா கிடக்கிறது. ஆச்சியை நிழலில் உட்காரவைத்து, முகம் திறந்த வானத்தைப் பார்க்கும்படி வைத்தால் வெளிச்சத்துக்கும் வேறு ஏற்பாடு வேண்டாம்.

வெளியில் பகை காற்றுதான். மைக்கோடு வருகிற கறுப்புப் பஞ்சு வாய்க்காற்றுக்கு மட்டும் தாங்கும். வெளிக்காற்றுக்கு முயல்தோல் மாதிரி ரோமம் வைத்த உறை வேண்டும். ஆனாலும் உங்கள் ஊர்க் காற்றை நம்பிக் காற்றாலையே நட்டிருக்கிறார்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக அது இறங்குகிற மாதங்களில் எந்த உறையும் நிற்காது. விடிந்து காற்று எழுவதற்கு முன் எடுங்கள். பம்ப்செட் யாருடையது என்று பார்த்து ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். கோயில் ஒலிபெருக்கி கட்டியிருக்கிற நாளில் போகவே போகாதீர்கள்.

தாலாட்டை வீட்டுக்குள் எடுக்கலாம். விசிறியை அணையுங்கள், ஃபிரிட்ஜின் வயரைப் பிடுங்குங்கள். மறுபடி சொருக மறக்காமல் இருக்க பைக் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். ஆச்சி எந்தச் சுவரைப் பார்த்துப் பாடுகிறாரோ அதற்கு முன்னால் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கொடி கட்டி, கனத்த கம்பளியைத் தொங்கவிடுங்கள். தரையில் ஜமக்காளம், மூலையில் மெத்தை. மெல்லிய சேலையைத் தொங்கவிட்டுப் பயனில்லை, அது மேல் சுருதியை மட்டும் தின்றுவிட்டுக் கிணற்றை அப்படியே விடும். ஓட்டு வீடு இன்னும் நிற்கிறதென்றால் கான்கிரீட் வீட்டை விட்டு அங்கே போங்கள்.

போனும் ரெக்கார்டரும் ஓடத் தொடங்கியதும் சட்டத்துக்குள் கையை நீட்டி ஒருமுறை தட்டுங்கள், முடிவிலும் ஒருமுறை. இரண்டையும் பிறகு அந்தத் தட்டில்தான் ஒட்ட வேண்டும். பல போன்கள் பிரேமைச் சீராக எடுப்பதில்லை, நீளமான பதிவில் உதடும் குரலும் மெல்ல விலகும். ஹேண்ட்பிரேக் மாதிரி வீடியோ மாற்றுகிற மென்பொருள் ஒன்றில் போட்டு சீரான பிரேமுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட மறக்காதீர்கள். நாள், ஊர், பாட்டு யார் சாவுக்கு யார் பாடியது என்பதை ரெக்கார்டரிலேயே வாயால் சொல்லிவைத்துவிடுங்கள். 24 பிட் ஸ்டீரியோ வேவ் ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபிதான் ஆகும், 32 பிட் என்றால் ஏறக்குறைய 1.4 ஜிபி. இரண்டு இடத்தில் நகல் எடுக்கும்வரை கார்டை அழிக்காதீர்கள். அத்தைமாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலை மூலப்பிரதி என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

பாடும்போது நீங்கள் ‘உம்’ கொட்டாதீர்கள். ஒரு முழத்தில் இருக்கிற மைக்கில் உங்கள் ‘உம்’மும் விழும், அதை எடுக்க வழியே இல்லை. தலையை ஆட்டுங்கள், போதும். ஆச்சி அடியை மறந்து நிறுத்தினாலும் எடுத்துக் கொடுக்க வேண்டாம், பதிவையும் நிறுத்த வேண்டாம். அவரே பிடித்துக்கொள்வார். அழுதுவிட்டால் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் போய் உட்காருங்கள். ரெக்கார்டர் அது பாட்டுக்கு ஓடட்டும். அதை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பிறகு ஆச்சியிடமே கேட்டுக்கொள்ளலாம்.

முதலில் ஒத்திகையாக, வர்ற ஞாயிற்றுக்கிழமை ஆச்சியை ஒன்று முதல் இருபதுவரை எண்ணச் சொல்லி ஒரு முழத்திலும் எட்டு முழத்திலும் பதிந்து, ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். ஆனி பிறந்தால் உங்கள் ஊரில் காற்று கிளம்பிவிடும், ஒப்பாரியை அதற்குள் எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா