எஸ்டிமேட் சீட்டில் வாங்கிய கம்பி வளைத்தால் வெடிக்கிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: குடியாத்தம் அருகே சொந்த வீடு கட்டுகிறேன். ராணிப்பேட்டையில் ஒரு கடையில் ‘எஃப்இ 500டி’ (வெடிக்காமல் நன்றாக வளைய வேண்டிய கிரேடு) என்று சொல்லி 3.5 டன் கம்பி கொடுத்தார்கள். ரூ.2.15 லட்சம், பாதி ஜிபேயில், மீதி ரொக்கம். பில் தரவில்லை, கையில் இருப்பது விலை எழுதிய எஸ்டிமேட் சீட்டு மட்டும். பில்லருக்குப் போட்டாச்சு. ரூஃபுக்கு 12 எம்எம் கம்பியை வளைத்தால் வெளிப்பக்கம் வெடிக்கிறது. ஒரு முழுக் கம்பி 9.7 கிலோதான் நிற்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று சீட்டிலேயே அச்சடித்திருக்கிறது என்கிறார் கடைக்காரர். வாங்கி மூன்று வாரம் ஆகிறது.

பதில்: முதலில் ரூஃப் வேலையை நிறுத்துங்கள். மீதிக் கம்பி கான்கிரீட்டுக்குள் போனால் உங்கள் சாட்சியும் உள்ளே போய்விடும்.

கம்பி வழக்குகள் தோற்பது பெரும்பாலும் தரத்தால் அல்ல. “இந்தக் கம்பி என் கடையில் வாங்கியதே இல்லை” என்று எதிர்த்தரப்பு ஒரு வரி சொன்னால், அதை உடைக்க ஆதாரம் இல்லாமல்தான். கட்டோடு ஒரு டேக் வந்திருக்கும். ஐஎஸ்ஐ முத்திரை, சிஎம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண், கிரேடு, சைஸ், ஹீட் நம்பர் (எந்த உருக்குத் தொகுதியில் வார்த்தது என்ற எண்) எல்லாம் அதில் இருக்க வேண்டும். கம்பி கட்டுகிறவர்கள் முதல் நாளே அதைப் பிய்த்துப் போட்டிருப்பார்கள். சைட் குப்பையில் தேடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கிடைத்தால், ஐஎஸ்ஐ முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் லைசென்ஸ் எண்ணைப் போட்டு, அது உயிரோடு இருக்கிறதா, உங்கள் கம்பி மேல் பதிந்திருக்கும் பிராண்டுக்கு உரியதுதானா, 500டி கிரேடு அதில் அடங்குகிறதா என்று பாருங்கள். கம்பெனி கொடுத்த டெஸ்ட் சர்டிபிகேட்டைக் கடையில் எழுத்தில் கேளுங்கள். அதிலுள்ள ஹீட் நம்பரும் டேக்கிலுள்ளதும் ஒன்றாக இல்லாவிட்டால் அது வெறும் காகிதம்.

எடை விஷயத்துக்கு வருவோம். 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, ஒரு முழுக் கம்பியின் வழக்கமான நீளமான 12 மீட்டருக்கு 10.66 கிலோ. கம்பிக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 1786 இந்த சைஸில் தனிக் கம்பிக்கு 6 சதவீதம் வரை குறைவை அனுமதிக்கிறது, அதாவது சுமார் 10 கிலோ வரை. 9.7 அதற்கும் கீழே. ஆனால் நீளத்தை டேப் வைத்து அளந்தீர்களா? 11.5 மீட்டர்தான் இருந்தால் அதே 9.7 கிலோ வரம்புக்குள் வந்துவிடும். அப்போது உங்கள் புகார் எடையைப் பற்றியது அல்ல, நீளத்தைப் பற்றியது. கடை கிலோ கணக்கில் விற்றதா, கம்பி எண்ணிக்கையில் விற்றதா என்பதையும் சீட்டில் பாருங்கள். எண்ணிக்கையில் விற்று எடை குறைந்தால் பணமும் நஷ்டம், பலமும் நஷ்டம்.

வெடிப்புக்குக் கடைக்காரர் சொல்லப்போகும் பதில் இப்போதே தெரிகிறது: “உங்கள் ஆள் வளைத்து நிமிர்த்தி மறுபடி வளைத்தான்.” அதனால் சைட்டில் வளைத்த துண்டை நம்பாதீர்கள். வளைக்காத கம்பியில் துண்டுகள் வெட்டி, கடைக்காரரை எழுத்தில் அழைத்து, வராவிட்டால் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் சீல் வைத்து, என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இழுவிசை, நீட்சி, வளைவு, ரசாயனம் நான்கையும் கேளுங்கள். 500டி என்றால் நீட்சி (அறுவதற்கு முன் கம்பி நீளும் அளவு) குறைந்தது 16 சதவீதம் வேண்டும். சாதாரண 500-க்கு 12 போதும். ‘டி’ என்று சொல்லி மற்றதைக் கொடுத்தார்களா என்பது இங்கே தெரிந்துவிடும். வெட்டியதுபோக மிச்சக் கம்பியைப் பத்திரமாக வையுங்கள். நுகர்வோர் சட்டத்தின் 38-வது பிரிவில் நுகர்வோர் ஆணையமே மாதிரியைச் சோதனைக்கு அனுப்பலாம்.

சீட்டில் அச்சடித்த வாசகத்துக்குப் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு ஏதும் போடாவிட்டால் 30 நாள். உங்களுக்கு ஒரு வாரம்தான் மிச்சம், ஆகவே நோட்டீஸ் இந்த வாரமே ஒப்புகையுடன் தபாலில் போகட்டும். பில் தராததும் அதே தலைப்பில் வரும் குற்றச்சாட்டு. ஜிபே பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, வண்டிக்காரர் கொடுத்த சீட்டு எல்லாம் சேர்ந்து எஸ்டிமேட்டுக்கு முதுகெலும்பாக நிற்கும்.

கடை ராணிப்பேட்டையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்தை வைத்து வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. கெடு இரண்டு வருடம், ஆனால் கம்பி துருப்பிடிக்க அவ்வளவு காலம் வேண்டாம். உற்பத்தி செய்த கம்பெனியையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள்.

லைசென்ஸ் எண் போலி என்றால் அது தனிக் கதை: பிஐஎஸ்ஸுக்குப் புகார் கொடுங்கள், 2016 பிஐஎஸ் சட்டத்தில் இரண்டு வருடம் வரை சிறையும் உண்டு.

பில்லருக்குள் ஏற்கெனவே போனதைச் சட்டத்தால் வெளியே எடுக்க முடியாது. ஆய்வக அறிக்கையோடு ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட்டு, ரூஃப் பாரம் ஏற்றலாமா, பலப்படுத்த வேண்டுமா என்று எழுதி வாங்குங்கள். பலப்படுத்த ஆகும் செலவையும் வழக்கில் கேட்கலாம். அவர் எழுதித் தரும் வரை சென்ட்ரிங் அடிக்க விடாதீர்கள்.