எம்.பி.ஏ. முடித்தவர் நிறுவன நடத்தையியலில் பிஎச்.டி. செய்து பேராசிரியர் ஆகலாமா? அந்த வேலை எப்படி இருக்கும்?

தாராளமாகச் செய்யலாம். வேலையிடத்தில் மனிதர்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்ப்பதுதான் இந்தப் பாடம். காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் இதைத்தான் நடத்துகிறேன். ஆர்கனைசேஷனல் பிஹேவியர் என்பதைச் சுருக்கிப் பிள்ளைகள் ஓ.பி. என்பார்கள், கிண்டலும் சேர்த்துத்தான்.

பாடத்திட்டம் எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சிகாகோ பக்கம் ஹாதார்ன் ஆலையில் தொழிலாளர்களை வைத்து 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகள், 1943இல் மாஸ்லோ எழுதிய தேவைப் படிநிலை, 1960இல் மெக்ரிகர் சொன்ன எக்ஸ், ஒய் கோட்பாடுகள் (தொழிலாளியை விரட்டித்தான் வேலை வாங்க வேண்டும் என்பது எக்ஸ், அவரே பொறுப்பெடுப்பார் என்பது ஒய்). (தேவைகளை அடுக்கிக் காட்டும் அந்தப் பிரபலமான முக்கோணத்தை மாஸ்லோ வரையவே இல்லை. பரீட்சையில் வரையாவிட்டால் மார்க் குறையும், அது வேறு கதை.) இதையே வருஷா வருஷம் ஒப்பித்தால் உங்களுக்கே அலுத்துவிடும். உள்ளூரில் இருந்து உதாரணம் எடுக்கத் தெரிந்தால்தான் வகுப்பு உயிரோடு இருக்கும்.

ஜென்சனும் மெக்லிங்கும் 1976இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. ஒருவர் பணத்தை இன்னொருவர் நிர்வகித்தால் அவர் யார் நலனைப் பார்ப்பார் என்பதுதான் அதன் கேள்வி. இங்கே அதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. அந்தக் காலத்தில் வட்டித் தொழில் செய்த நகரத்தார் முதலாளி செட்டிநாட்டில் இருப்பார், பெட்டியடி (அவருடைய கடை) பர்மாவின் ரங்கூனில் இருக்கும், நடுவே கடல். பெட்டியடிப் பையனாகப் போனவர் அடுத்தாளாகி (உதவியாளராகி), அப்புறம் கடையை நடத்தும் ஏஜெண்ட் ஆவார். பொதுவாக மூன்று வருஷத் தவணை. சம்பளத்தில் ஒரு பகுதி முன்கூட்டியே கைக்கு வந்துவிடும். தவணை முடிந்து அடுத்தவர் கணக்கைச் சரிபார்த்துப் பொறுப்பு ஏற்பதே ஒரு தணிக்கை. கையாடல் செய்தவருக்குக் கோயிலிலும் கல்யாணப் பேச்சிலும் பேர் போய்விடும். இதைச் சொன்னதும் பின் பெஞ்சில் இருந்து, 'எங்க ஐயா அங்க இருந்தவங்க சார்' என்று ஒரு குரல் வரும். அதற்கப்புறம் பாடம் தானே நடக்கும்.

ஆனால் வெறும் ஊர்ப் பெருமையாக விட்டுவிடக் கூடாது. அந்த நம்பிக்கை ஒரு சமூகத்துக்குள் மட்டுமே புழங்கியது. 1930களின் பொருளாதார மந்தத்தில் அந்தக் கடைகளில் வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் பக்கத்தையும் பேசியாக வேண்டும்.

ஆய்வுதான் உண்மையான சோதனை. லிக்கர்ட் 1932இல் கொடுத்துவிட்டுப் போன ஐந்து புள்ளி அளவுகோலை (ஒன்று என்றால் கொஞ்சமும் ஒத்துக்கொள்ளவில்லை, ஐந்து என்றால் முழுக்க ஒத்துக்கொள்கிறேன்) வைத்துத்தான் பாதிப் பேர் பிஎச்.டி. வாங்குகிறார்கள். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் அந்தப் படிவத்தை நீட்டிப் பாருங்கள். 'முதலாளி பாப்பாரா சார்?' என்று கேட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் ஐந்தே போடுவார்கள். படிவத்தை மடித்து வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தால் வேறு விஷயம் தெரியும். கண்ணாடி மேல் சட்டம் வைத்து, அதற்குள் அச்சை இறக்கி, வண்ணச் சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றுகிறார் ஒருவர். அச்சைத் தூக்கும்போது சிவப்பு பச்சைக்குள் ஓடிவிடுகிறது. அதை முதலாளியிடம் சொல்வாரா, சத்தம் போடாமல் ஓரத்தில் சாய்த்து வைப்பாரா? ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனைகளில் பார்த்ததும் கிட்டத்தட்ட இதுதான். நன்றாக இயங்கிய குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தப்புச் செய்ததால் என்பதைவிட, செய்த தப்பை மறைக்காமல் பேசியதால் என்பதே அவர் சொன்ன விளக்கம்.

மற்றபடி நெட் (தேசியத் தகுதித்) தேர்வு எழுதுங்கள், அதில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் பணக் கவலை இல்லை. புள்ளியியல் இல்லாமல் தப்பிக்க முடியாது. காசு வாங்கிக்கொண்டு கட்டுரை போடும் ஜர்னல் பக்கமே போகாதீர்கள். முடிந்தால் முதலில் இரண்டு வருஷம் ஏதாவது ஒரு கம்பெனியில் வேலை பாருங்கள், மேலாளரிடம் திட்டு வாங்கியவர் ஓ.பி. நடத்தினால் பிள்ளைகள் நம்புவார்கள். பிஎச்.டி. வழிகாட்டியை அவருடைய பட்டியலில் இருக்கும் கட்டுரைகளின் எண்ணிக்கையை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவரிடம் முடித்தவர்கள், பாதியில் விட்டவர்கள் இரண்டு பேரிடமும் போனில் பேசிவிட்டுப் பதிவு செய்யுங்கள்.