விளையாட்டு அறிவியல் ஆய்வுகளை வாசிப்பது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: பீட்ரூட் சாறு தாக்குப்பிடிக்கும் திறனை 16 விழுக்காடு கூட்டும் என்கிறார்களே, என் பத்தாயிரம் மீட்டர் ஓட்ட நேரமும் அந்த அளவுக்குக் குறையுமா?

பதில்: குறையாது. எக்ஸிடர் பல்கலைக்கழகக் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு ஆண்கள் நாளொன்றுக்கு அரை லிட்டர் சாற்றைச் சில நாட்கள் குடித்துவிட்டு, மாறாத கடும் சுமையில் இனி முடியாது என்னும் வரை மிதிவண்டி மிதித்தார்கள். ஒப்பிடுவதற்காகத் தந்த மாற்றுப் பானம் குடித்தபோது 583 நொடியாக இருந்த சராசரி, சாறு குடித்தபோது 675 ஆயிற்று. 16 விழுக்காடு வந்தது இப்படித்தான். ஆனால் களைத்துப்போகும் வரை யாரும் பந்தயம் ஓடுவதில்லை. 2011இல் அதே பல்கலைக்கழகத்தில் ஒன்பது மிதிவண்டி வீரர்களை 4 கி.மீ., 16.1 கி.மீ. தூரங்களை விரைந்து கடக்கச் சொன்னபோது, நேரம் 3 விழுக்காட்டுக்கும் குறைவாகவே மிச்சமாயிற்று. கட்டுரைச் சுருக்கத்தோடு நின்றுவிடாமல் செய்முறைப் பகுதியைப் படியுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: எட்டுப் பேர், ஒன்பது பேர் போதுமா?

பதில்: போதாது, ஆனாலும் இத்துறையில் அதுவே வழக்கமாக இருக்கிறது. லூக்கோசேட் என்ற விளையாட்டுப் பானத்துக்கு ஆதாரமாக அதன் அன்றைய நிறுவனம் அளித்த ஆய்வுகளை 2012இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழுக்காக ஆக்ஸ்ஃபர்டு ஆய்வாளர்கள் பரிசீலித்தபோது, பங்கேற்பாளர் எண்ணிக்கையின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) ஒன்பதாகவே இருந்தது. தேர்ந்த வீரரைப் போட்டிப் பருவத்தின் நடுவே ஆய்வகத்துக்கு அனுப்ப எந்தப் பயிற்சியாளரும் எளிதில் ஒப்பமாட்டார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கேள்வி: எந்தப் புரோட்டீன் பவுடர் நல்லது?

பதில்: உணவியல் வல்லுநரைக் கேளுங்கள்.

கேள்வி: சிறிய ஆய்வுகளுக்கென்றே விளையாட்டு அறிவியலாளர்கள் ஹாப்கின்ஸும் பேட்டர்ஹாமும் ‘மேக்னிட்யூட் பேஸ்டு இன்ஃபரன்ஸ்’ என்ற புள்ளியியல் முறையை வகுத்திருக்கிறார்களே?

பதில்: வகுத்தார்கள், பலரும் ஆர்வத்தோடு பின்பற்றினார்கள். விளைவு ‘பயன்தரக்கூடும்’, ‘பெரும்பாலும் பயன்தரும்’ என்று அது படிநிலையாகச் சொல்வது பயிற்சியாளர்களுக்கு இனித்தது. ஆனால் இல்லாத பயனை இருப்பதாகக் காட்டும் பிழை அம்முறையில் கூடுகிறது என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் சைனானி 2018இல் கணக்கிட்டுக் காட்டினார்.

கேள்வி: பயிற்சியாளருக்கு வேண்டியது ஆம், இல்லை என்ற தீர்ப்பு அல்லவே, பயன் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதுதானே?

பதில்: தேவை நியாயமானது, அதில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் வாய்ப்பைச் சொல்ல வேண்டுமானால், ஆய்வுக்கு முன்பே நாம் எதை நம்பியிருந்தோம் என்பதையும் கணக்கில் வெளிப்படையாக வைக்க வேண்டும். முன்நம்பிக்கையையும் தரவையும் சேர்த்துக் கணக்கிடும் பேய்சியப் புள்ளியியல் முறை அதைத்தான் கேட்கிறது. அந்த நம்பிக்கையை அறிவிக்காமலே நிகழ்தகவு மொழியில் பேசியதுதான் இங்கு நேர்ந்த கோளாறு. ஒன்பது பேரிடம் கிடைக்காத தகவலை எந்தச் சூத்திரமும் பிழிந்து தராது.

கேள்வி: காஃபின் எடுத்த நாளில் என் வேகம் கூடியது. இதற்கும் ஆய்வு வேண்டுமா?

பதில்: வேண்டும். 2006இல் வெளியான ஓர் ஆய்வில் ஆறு மிதிவண்டி வீரர்களுக்கு ஒருமுறைகூடக் காஃபின் தரப்படவில்லை. ஆயினும் அதிக அளவு எடுத்ததாக நம்பியபோது 3.1 விழுக்காடு கூடுதல் ஆற்றலோடு மிதித்தார்கள். அதுவும் ஆறே பேர்தான் என்பதை நீங்கள் சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: கிரியேட்டின் ஆய்வு உண்மையா?

பதில்: எந்த ஆய்வு? செய்முறைப் பகுதியைப் படித்துவிட்டு, கட்டுரையின் தலைப்போடு கேளுங்கள்.