கடைச் சாவி ஏன் இன்னும் கைக்கு வரவில்லை

தம்பி, லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு பலசரக்குக் கடையை நடத்துகிறவரோடு விலை பேசி முடித்து நான்கு மாதமாகியும் லீஸ் (குத்தகை) உங்கள் பெயருக்கு மாறவில்லை, சொலிசிட்டர் (வக்கீல்) ஏமாற்றுகிறாரா, அதுவரை சாவியை வாங்கிக் கடையைத் திறந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாவியை வாங்காதீர்கள். கட்டடச் சொந்தக்காரரான லாண்ட்லோர்டின் எழுத்து அனுமதி வருமுன் கடை கைமாறினால் அது லீஸ் நிபந்தனையை மீறிய கணக்கு, அதைக் காட்டி அவர் லீஸையே முறிக்கப் பார்க்கலாம், அப்போது நீங்கள் வாங்கிப்போட்ட பிரிட்ஜும் சாமானும் நடுத்தெருவில். "இங்கே எல்லாரும் இப்படித்தான் எடுக்கிறார்கள்" என்பார் விற்கிறவர். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

சொலிசிட்டரைச் சந்தேகப்படுமுன் ஒன்றைப் பாருங்கள். இதில் மூன்று சொலிசிட்டர்கள்: உங்களுடையவர், விற்கிறவருடையவர், லாண்ட்லோர்டுடையவர். மூன்றாமவருக்கு அவசரமே கிடையாது, வாடகை பழைய ஆளிடமிருந்து வந்துகொண்டுதானே இருக்கிறது. அவருடைய செலவை நம் பக்கம் கட்டுவதாக எழுத்தில் உறுதி கொடுக்கும்வரை பெரும்பாலும் ஃபைலைத் திறக்கவே மாட்டார். என் கடை விஷயத்தில் அந்த உறுதிக் கடிதம் அவருக்குப் போகவேயில்லை என்று கண்டுபிடிக்கவே ஆறு வாரம் போனது, அதுவும் நானே போன் அடித்துக் கேட்டபிறகு.

அதைவிடப் பெரிய குத்து, எனக்கு விற்றவர் இரண்டு காலாண்டு வாடகை பாக்கி வைத்திருந்ததை மூச்சுவிடவில்லை. பாக்கி தீராமல் லாண்ட்லோர்ட் எப்படிக் கையெழுத்து வைப்பார்? நீங்கள் கடைசி வாடகை ரசீதை இன்றைக்கே கேளுங்கள். இங்கே பழைய வழக்கப்படி மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25 என்று நான்கு தவணை, ஆனால் உங்கள் லீஸில் மாதாமாதம் என்றும் இருக்கலாம், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நம்மைப் போல புதிதாக வந்தவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. லாண்ட்லோர்ட் மூன்று வருடக் கணக்கு கேட்பார், நேற்றுப் பதிந்த கம்பனிக்கு எங்கே போவது? அதற்குப் பதிலாக மூன்று மாதமோ ஆறு மாதமோ வாடகையை டெபாசிட்டாகவும், வீடு வைத்திருக்கும் ஒருவரின் பிணையும் கேட்பார்கள். கேட்கும்வரை காத்திருக்காமல் பாங்க் கடிதம், அக்கவுண்டன்ட் கடிதம், இப்போது இருக்கும் வீட்டு வாடகைக் கடிதம் எல்லாவற்றையும் ஒரே கட்டாக அனுப்பிவிடுங்கள், ஒவ்வொன்றாக அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம்.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு லாண்ட்லோர்ட் அண்ட் டெனன்ட் சட்டப்படி, எழுத்தில் அனுமதி கேட்டால் நியாயமான காலத்துக்குள் லாண்ட்லோர்ட் எழுத்தில் பதில் தரவேண்டும், மறுத்தால் காரணமும் சொல்லவேண்டும். ஆனால் நியாயமான காலம் எத்தனை நாள் என்று அதில் போடவில்லை. இன்னொன்று, லாண்ட்லோர்ட் அந்தப் பதிலைத் தரவேண்டியது இப்போதைய குத்தகைக்காரரான விற்கிறவருக்குத்தான், உங்களுக்கு அல்ல. ஆகவே நீங்கள் எத்தனை மின்னஞ்சல் போட்டாலும் அங்கே அசையாது, அவருடைய சொலிசிட்டர் முறைப்படி விண்ணப்பத்தைக் கொடுத்தாரா, எந்தத் தேதியில், அதன் நகல் எங்கே என்று அவரைப் பிடித்துக் கேளுங்கள். உங்களுக்காக விற்கிறவரையே பிணை நிற்கச் சொல்லும் பத்திரமும் வழக்கமாக வரும். அதைக் கண்டதும் அவர் பின்வாங்கி ஒரு மாதம் இழுப்பார், கவலைப்படாதீர்கள், கடைசியில் போடுவார்.

முன்பணத்தை விற்கிறவர் கையில் கொடுத்திருந்தால் பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனமில்லை. மீதியையாவது சொலிசிட்டர் கணக்கில் மட்டும் போடுங்கள், சாமான் எண்ணுவதையும் கடை கைமாறும் நாளன்றே வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை சும்மா இருக்காமல், மது விற்கிற கடை என்றால் உங்கள் பெயரில் பெர்சனல் லைசென்ஸ் எடுக்கும் பயிற்சியை முடித்துவிடுங்கள், அது ஒரு நாள் வேலைதான். கவுன்சிலில் உணவு வியாபாரப் பதிவையும் திறப்பதற்கு 28 நாள் முன்பே கொடுக்கவேண்டும், அதற்குக் காசு இல்லை.